தோலில் எழுதிய நூல்

பின்வரும் உரைநடைப் பகுதியை வாசித்திடுக.

வட இத்தாலியில் வெர்செல்லி என்னும் நகரம் உள்ளது. 1822ஆம் ஆண்டில், அந்நகரின் பேராலய நூலகத்தில் பிரெட்ரிக் புளூம் என்ற ஜெர்மானிய அறிஞர் பழைய சட்டச் சுவடிகளைத் தேடிக்கொண்டிருந்தார். அப்போது அவர் எதிர்பாராத ஒரு சுவடியைக் கண்டார். அது இலத்தீனில் எழுதப்பட்டதன்று. பழைய ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது!

‘வெர்செல்லி நூல்’ எனப்படும் இச்சுவடி, 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் எழுதப்பட்டது. 23 கிறிஸ்துவச் சமய உரைநடைப் பகுதிகளும் 6 கவிதைகளும் இதில் உள்ளன. மனிதரை உண்போர் நாட்டில் சிறைப்பட்ட மத்தேயுவை மீட்கக் கடல் கடக்கும் புனித அந்திரேயாவின் கதை ஒரு கவிதையாகும்.

இத்தகைய சுவடியை உருவாக்குவது எளிதன்று. விலங்குத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, முடியை நீக்குவர். பின்னர், மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, மெல்லியதாகச் சுரண்டிக் காயவைப்பர். மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்த்துச் செய்த மையைப் பறவை இறகால் தொட்டு எழுதுவர்.

இங்கிலாந்துச் சுவடி இத்தாலியை அடைந்தது எப்படி? உரோமுக்குச் சென்ற யாத்திரிகர்களின் வழியில் வெர்செல்லி இருந்தது. அவர்களுள் ஒருவர் இதை அங்கு விட்டுச் சென்றிருக்கலாம் என்பது அறிஞர்களின் கருத்து. அதன்பின் சுவடி பல நூற்றாண்டுகள் அங்கேயே உறங்கியது.

அதைப் படிக்க விரும்பியவர்களே அதற்குக் கேடும் விளைவித்தனர். 19ஆம் நூற்றாண்டில், மங்கிய எழுத்துகளைத் தெளிவாக்கச் சில பக்கங்களில் வேதிக் கரைசல் பூசப்பட்டது. நாளடைவில் கறை படர்ந்து அப்பக்கங்கள் கருத்தன. கினவுல்ஃப் என்னும் கவிஞர் தம் பெயரை ரூன் எழுத்துகளால் கவிதைக்குள் பொதிந்து வைத்திருந்தார். தமக்காக இறைவனை வேண்டுமாறு வாசகரைக் கேட்டிருந்தார். அவ்வேண்டுகோள் உள்ள பக்கம் ஒன்றும் கறைக்குத் தப்பவில்லை.

இன்று ஆய்வாளர்கள் எதையும் பூசுவதில்லை. வெவ்வேறு அலைநீளமுள்ள ஒளியில் பக்கங்களைப் படமெடுத்து, மறைந்த எழுத்துகளை மீட்க முயல்கின்றனர். ஆர்வம் இச்சுவடியைக் கண்டெடுத்தது. அவசரம் அதைச் சிதைத்தது. பொறுமையே இன்று அதைக் காக்கிறது.

அருஞ்சொற்பொருள்
சுவடி – கையால் எழுதப்பட்ட பழைய நூல்
யாத்திரிகர் – புனிதப் பயணம் செல்பவர்
பொதிந்து – உள்ளே மறைத்து

கருத்துணர் கேள்விகள்
1. புளூம் கண்ட சுவடி ஏன் வியப்பளித்தது?
2. சுவடிக்குத் தோல் எவ்வாறு பதப்படுத்தப்பட்டது?
3. ‘படிக்க விரும்பியவர்களே அதற்குக் கேடும் விளைவித்தனர்.’ இக்கூற்றை விளக்கிடுக.
4. பழம்பொருள்களை ஆராய்வோரிடம் இருக்க வேண்டிய பண்புகள் யாவை? உம் கருத்தை எழுதிடுக.