ஃபர்னஸ் காற்று: கூடக்கூட நல்லதா?

டொராண்டோவில் குளிர் இறுகிவிட்டால், பேஸ்மென்டில் ஓடும் எரிவாயு ஃபர்னஸுக்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அடிக்கடி காதில் விழும் நான்கைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை: பெரிய புளோவர் போட்டால் வீடு கூடுதலாகச் சூடாகும்.

உண்மை: சூட்டைத் தருவது பர்னர். புளோவர் அதை அறைகளுக்குச் சுமந்து செல்கிறது, அவ்வளவே. அளவுக்கு மீறிக் காற்றை ஓட்டினால் வென்ட்டில் வரும் காற்றின் சூடு தணியும். மேலே படும்போது குளிர்வது போலிருக்கும். இரைச்சலும் மின்செலவும் ஏறும்.

நம்பிக்கை: சதுர அடி தெரிந்தால் காற்றின் அளவு தெரிந்துவிடும்.

உண்மை: ஒரே பரப்புள்ள இரு வீடுகள் ஒரே அளவில் வெப்பத்தை இழப்பதில்லை. முதலில் வெப்ப இழப்பைக் கணக்கிட்டு ஃபர்னஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கனடாவில் அதற்கு சிஎஸ்ஏ எஃப்280 என்ற முறை உண்டு. அடுத்தது காற்று. ஃபர்னஸுக்குள் போகும் காற்றுக்கும் வெளிவரும் காற்றுக்கும் உள்ள சூட்டு வித்தியாசமே வெப்ப உயர்வு. அதை 1.08ஆல் பெருக்கி, வரும் தொகையால் ஃபர்னஸ் மணிக்குத் தரும் வெப்பத்தை (பிடியூ கணக்கில்) வகுக்க வேண்டும். 60,000 பிடியூ ஃபர்னஸ் 95 சதவீதத் திறனில் 57,000 தரும். வெப்ப உயர்வு 50 டிகிரி ஃபாரன்ஹீட் என்றால், நிமிடத்துக்குச் சுமார் 1,055 கன அடி காற்று வேண்டும்.

நம்பிக்கை: ஆளில்லாத அறைகளின் வென்ட்டை மூடினால் எரிவாயு மிச்சம்.

உண்மை: பல வென்ட்டுகளை மூடினால் டக்டில் அழுத்தம் ஏறிக் காற்று குறையலாம். அழுக்கேறிய ஃபில்ட்டரும் இதையே செய்யும். பர்னரின் சூட்டைக் காற்றுக்குக் கடத்தும் வெப்பமாற்றி அளவுக்கு மீறிக் காய, பாதுகாப்பு சுவிட்ச் பர்னரை அணைக்கும். இது திரும்பத் திரும்ப நடந்தால் வெப்பமாற்றியில் வெடிப்பு விழலாம். கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் கசியும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

நம்பிக்கை: இசிஎம் மோட்டார் இருந்தால் குறுகிய டக்டும் போதும்.

உண்மை: இசிஎம் என்பது மின்னணு முறையில் வேகத்தை மாற்றும் புளோவர் மோட்டார். அதில் காற்றின் அளவு குறையாதபடி காக்கும் வகை, தடை கூடும்போது வேகத்தைக் கூட்டுகிறது, அதற்கேற்ப மின்சாரமும் செலவாகிறது. அந்த வேகத்துக்கும் எல்லை உண்டு. திருத்த வேண்டியது டக்டை.

அடுத்த முறை சர்வீஸுக்கு வருபவரிடம் ஒன்று கேளுங்கள்: "வெப்ப உயர்வு எத்தனை டிகிரி?" ஃபர்னஸ் கால் மணி நேரம் ஓடியபின் இருபுறமும் வெப்பமானி வைத்தால் தெரிந்துவிடும். அனுமதிக்கப்பட்ட வரம்பு ஃபர்னஸின் தகட்டிலேயே அச்சாகியிருக்கிறது. வரம்புக்கு மேலே போனால் காற்று போதவில்லை. கீழே இறங்கினால் காற்று அதிகம். கையை வென்ட்டில் நீட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்; அந்த எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள்.