மஸ்கட்டில் காஞ்சிப் பட்டு

கேள்வி: பிள்ளையார்பாளையத்தில் பட்டுச்சேலை வியாபாரம் செய்கிறேன். ஓமனில் இருக்கும் மைத்துனர் மஸ்கட்டில் கடை போடலாம் என்கிறார். இறங்கலாமா?
— வாசகர், காஞ்சிபுரம்

பதில்: கடைக்கு அவசரப்படாதீர்கள். எண்ணெயை மட்டும் நம்பிக் காலம் தள்ள முடியாது என்பதால் ஓமன் வெளிநாட்டு முதலீட்டை வரவேற்கிறது. 2020 முதல் பல தொழில்களில் வெளிநாட்டவரே முழு உரிமையாளராகலாம். 2025 டிசம்பரில் இந்தியாவுடன் வர்த்தக ஒப்பந்தமும் கையெழுத்தானது. சந்தோஷம்தான். ஆனால், வளைகுடாவின் பொதுவான இறக்குமதி வரியே 5 சதவீதம்தான். அது போனாலும் மதிப்புக்கூட்டு வரி 5 சதவீதம் நிற்கும். கைத்தறிச் சேலையின் விலையை ஏற்றுவது பட்டும் ஜரிகையும் கூலியும், சுங்கம் அல்ல.

வாங்குபவர் யார்? ஓமானியர் அல்ல, அங்குள்ள நம்மவர்கள். அவர்களில் பலர் கல்யாணச் சேலையை விடுமுறையில் வந்து காஞ்சிபுரம் காந்தி ரோட்டில்தான் எடுப்பார்கள். (மைத்துனர் வீட்டிலேயே விசாரியுங்கள்!)

ஆகவே, ஏற்றுமதிக் குறியீட்டு எண் வாங்கிக்கொண்டு, தீபாவளிக்கு முன் அங்கே ஏற்கெனவே ஜவுளிக்கடை நடத்துபவருக்கு மொத்தமாக அனுப்பிப் பாருங்கள். புவிசார் குறியீட்டு முத்திரை இருக்கட்டும். கடனுக்குக் கொடுத்தால் இ.சி.ஜி.சி. (ஏற்றுமதிக் கடன் உத்தரவாத நிறுவனம்) காப்பீடு எடுங்கள். சந்தேகங்களுக்குச் சென்னையிலுள்ள கைத்தறி ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சிலை அணுகலாம்.