பெயரை வாடகைக்கு விடுமுன்

ஓர் அநாதை இல்லமோ, கண் மருத்துவமனையோ, புற்றுநோய் நிவாரணச் சங்கமோ பல்லாண்டு உழைத்து நற்பெயர் ஈட்டிவிட்டால், அந்தப் பெயரையும் சின்னத்தையும் தம் சரக்கின்மீது அச்சிட்டுக்கொள்ள அனுமதி கேட்டு வியாபாரிகள் ஒருநாள் வாயிலில் வந்து நிற்பார்கள். அன்று கையிருப்புக் குறைந்திருந்தால், தர்மகர்த்தாக்கள் நிபந்தனைகளைப் படிக்குமுன்பே கையெழுத்திட்டுவிடுவதும் அபூர்வமன்று. வீட்டை வாடகைக்கு விடுபவர் குடிவருபவரின் குணத்தையும் முன்பணத்தையும் காலி செய்யவேண்டிய கெடுவையும் பேசாமல் சாவியைக் கொடுப்பதில்லை. வீட்டினும் அரிய பெயரை விடும்போது மட்டும் அந்த ஜாக்கிரதை ஏனோ நம்மவரிடம் காணப்படுவதில்லை. ஆகவே பணமுடை நெருக்காத காலத்திலேயே செய்துகொள்ள வேண்டிய ஆயத்தங்களிலிருந்து தொடங்குகிறேன்.

முதற்காரியம், அந்தப் பெயர் சட்டப்படி நம்முடையதாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது. டிரஸ்டுப் பத்திரம் பதிவாகியிருந்தால் போதுமென்று பலர் எண்ணுகிறார்கள்; பெயரும் சின்னமும் 1999 ஆம் ஆண்டு டிரேட் மார்க் சட்டத்தின்கீழ்த் தனியே பதிவாகியிராவிடில், பிறர் அவற்றைத் துர்விநியோகம் செய்யும்போது தடுப்பதும் கடினம், உபயோகிப்பதற்குக் கட்டணம் கேட்பதும் கடினம். 1961-இல் தோன்றி, பீட்டர் ஸ்காட் வரைந்த பாண்டாவைச் சின்னமாகக் கொண்ட உலக வனவிலங்கு நிதியம், டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற அதே எழுத்துக்களைத் தாங்கியிருந்த அமெரிக்க மல்யுத்தக் கம்பெனியோடு 1994-இல் எழுத்து மூலமாக ஓர் உடன்படிக்கை செய்துகொண்டிருந்தது; கம்பெனி அதை மீறியபோது 2000-இல் வழக்குத் தொடர்ந்து, 2001-இல் லண்டனில் தீர்ப்பும் பெற்றது; மறு ஆண்டு மல்யுத்தக்காரர்கள் தம் பெயரையே மாற்றிக்கொண்டார்கள். கையில் பத்திரம் இருந்ததால் நிதியம் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது, எந்தெந்த வியாபாரத்தோடு சேர்வதில்லை என்று தர்மகர்த்தாக்கள் கூடித் தீர்மானித்து மினிட் புத்தகத்தில் எழுதி வைப்பது. புகையிலையும் மதுவும் எவருக்கும் தோன்றும். ஆனால் சிசுக்களைப் பேணும் ஸ்தாபனத்துக்குப் பால்மாவும் பால்புட்டியும் ஆகா (அவற்றின் விளம்பரத்தையே இந்தியாவில் 1992 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது); நீரிழிவு நோயாளிகளுக்கு உழைக்கும் சங்கத்துக்குச் சர்க்கரைப் பானம் ஆகாது. மார்பகப் புற்றுநோயை எதிர்த்துப் பாடுபடும் சூசன் கோமன் என்னும் அமெரிக்க ஸ்தாபனம், 2010-இல் கே.எஃப்.சி. கோழிக் கடைகளோடு சேர்ந்து, இளஞ்சிவப்பு வாளி ஒன்றுக்கு ஐம்பது சென்ட் வீதம் நாற்பது லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. தொகை பெரிதுதான், ஆயினும் கொழுப்பில் பொரித்த பண்டத்தை விற்று நோய்க்கு நிதி சேர்ப்பதா என்று எழுந்த ஏளனம் அத்தொகையைவிட நீண்ட காலம் நின்றது. தீர்மானம் முன்பே இருந்தால், வந்தவரிடம் முகதாட்சண்யத்துக்கு இடமின்றி மறுத்துவிடலாம்.

மூன்றாவதாக, வருகிற பணம் எந்த ஜாதியைச் சேர்ந்தது என்று ஆடிட்டரைக் கொண்டு முன்கூட்டியே நிர்ணயித்துக்கொள்ள வேண்டும். நன்கொடை, கம்பெனிச் சட்டத்தின் 135 ஆம் பிரிவின்படி செலவழிக்கப்படும் சமூகப் பொறுப்பு நிதி, பெயரை உபயோகிப்பதற்கான கட்டணம் ஆகிய மூன்றையும் ஒரே காசோலையில் கலந்து தர விரும்புவோர் உண்டு, அதற்கு இணங்கலாகாது. தன் பொருளுக்கு விளம்பர லாபம் தேடிக் கம்பெனி செய்யும் உபயச் செலவைச் சமூகப் பொறுப்புக் கணக்கில் எழுத 2021-இல் திருத்தப்பட்ட விதிகள் இடந்தருவதில்லை. கொடையாளியின் பெயரை நன்றிக்காகக் கல்லில் பொறிப்பதற்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று 2019 அக்டோபரில் மத்திய அரசின் சுற்றறிக்கை தெளிவாக்கியிருக்கிறது. அவருடைய வியாபாரத்துக்கு அது விளம்பரமாகிவிட்டால் வரியுண்டு, சின்னத்தை உரிமமாக அளிப்பதும் அவ்வாறே சேவையாகக் கருதப்படும். பொதுஜன உபயோகக் காரியங்களென்ற வகையில் விலக்குப் பெற்ற டிரஸ்டுகள், வியாபாரத் தன்மையுள்ள வரவு மொத்த வரவில் இருபது சதவிகிதத்தைத் தாண்டினால் அந்த ஆண்டின் வருமான வரி விலக்கையே இழக்க நேரும்.

இனி, வந்தவரை எடைபோடுவது. மூன்று ஆண்டு வரவுசெலவு அறிக்கை, நிலுவையிலுள்ள வழக்குகள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உத்தரவுகள், தொழிலாளரை நடத்தும் விதம், சரக்கைப் பற்றிய புகார்கள் ஆகியவற்றை விசாரித்து, கூடுமானால் தொழிற்சாலையை நேரில் பார்த்து வருவதில் அதிகச் செலவில்லை. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்றுண்டு: நாம் யாருக்காக ஸ்தாபனம் நடத்துகிறோமோ அவர் இந்தப் பொருளை வாங்குவது அவருக்கு நன்மையா? பிரிட்டனில் முதியோருக்கு உழைக்கும் ஏஜ் யு.கே., ஈ.ஆன் கம்பெனியின் மின்சாரக் கட்டணத் திட்டமொன்றுக்குத் தன் பெயரை அளித்திருந்தது. அதனினும் மலிவான திட்டம் அதே கம்பெனியிடம் இருந்ததென்று 2016-இல் பத்திரிகைச் செய்தி வெளிவந்ததும் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. விதிமீறல் எதையும் அதிகாரிகள் காணவில்லை. ஆனால் நம்பி வந்த கிழவர் அதிகம் கொடுத்தாரா என்ற கேள்விக்கு விதிமுறை பதிலாகாது.

இந்த விஷயத்தில் நெடுநேரம் நிற்க வேண்டிய இடம், பெயரை அளிப்பது எப்போது சான்றளிப்பதாக மாறுகிறது என்பது. ஒரு பாக்கெட்டில் மருத்துவ சங்கத்தின் சின்னத்தைக் காணும் சாமானியர், சங்கம் பொருளைச் சோதித்து மெச்சியிருக்கிறது என்றே கொள்வார். "நாங்கள் அப்படிச் சொல்லவில்லையே" என்று பொடி எழுத்தில் போடும் சமாதானம் அவர் கண்ணில் படாது. 1997-இல் அமெரிக்க மருத்துவர் சங்கம், சன்பீம் கம்பெனியின் ரத்த அழுத்தமானி முதலிய வீட்டு உபகரணங்களுக்குத் தன் பெயரை ஐந்தாண்டு அளிக்க உடன்பட்டது; பொருள்களைச் சோதிக்கும் ஏற்பாடே அதில் இல்லை. மருத்துவர்களே கொதித்தெழ, சங்கம் பின்வாங்கிற்று. கம்பெனி வழக்குத் தொடர்ந்தது. 1998-இல் 99 லட்சம் டாலர் கொடுத்து மீள வேண்டியதாயிற்று, அதிகாரிகள் சிலர் பதவியும் இழந்தனர். நம் இந்திய மருத்துவ சங்கமும் 2008-இல் பெப்சிகோவின் பழச்சாற்றுக்கும் ஓட்ஸுக்கும் பெயர் அளித்து, மருத்துவர் ஒழுக்க விதியைச் சுட்டிக்காட்டிய மருத்துவக் கவுன்சிலின் நடவடிக்கைக்கு ஆளாயிற்று. அமெரிக்க இருதய சங்கமோ 1995 முதல் உணவுப் பொருள்களுக்கு ஓர் இருதயக் குறி அளித்து வருகிறது. கட்டணம் வாங்குகிறது என்றாலும், கொழுப்பும் உப்பும் எவ்வளவு இருக்கலாமென்ற அளவுகோலை வெளியிட்டு, அதற்கு உட்பட்டவற்றுக்கே குறியைத் தருகிறது. சான்றளிக்க விரும்பும் ஸ்தாபனம் இந்த வழியில் செல்லலாம். சோதிக்கும் சக்தியில்லாதது, "இப்பொருளின் தரத்துக்கு நாங்கள் உத்தரவாதமல்ல" என்ற வாசகத்தைச் சின்னத்துக்குச் சமமான எழுத்தில் அச்சிடச் செய்து, பாக்கெட்டின் முன்பக்கத்தில் வைக்க வேண்டும். கம்பெனி அதற்கு மறுத்தால், அது வாங்க வந்தது சின்னத்தையன்று, சான்றை என்பது வெளியாகிவிடும்.

விலை பேசும் முறைக்கு வருவோம். 1983-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், சுதந்திர தேவி சிலையைப் புதுப்பிப்பதற்காக அட்டையை உபயோகிக்கும்தோறும் ஒரு சென்ட்டும் புதிய அட்டை ஒன்றுக்கு ஒரு டாலரும் அளித்தபோது சேர்ந்த தொகை 17 லட்சம் டாலர்; அக்காலத்தில் அட்டையின் உபயோகம் 28 சதவிகிதம் கூடிற்று. கம்பெனிக்கு வரும் லாபத்தை ஒருபுறம் வைத்துப் பார்த்தாலன்றி நமக்குரிய பங்கு இன்னதென்று விளங்காது. சிவகாசியில் அச்சாகும் அறுபது ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்றுக்கு ஐம்பது பைசா தருவதாக ஒருவர் சொல்கிறாரென்று வைத்துக்கொள்வோம். நாலு லட்சம் பிரதிகள் விற்றால் நமக்கு இரண்டு லட்சம் ரூபாய். நம் சின்னத்தால் கூடுதலாக விற்ற ஒரு லட்சம் பிரதிகளில் பிரதிக்கு எட்டு ரூபாய் நின்றால் அவருக்கு எட்டு லட்சம். இதைச் சொல்லிக் கேட்பதில் வெட்கமில்லை. வீதத்தை லாபத்தின்மீது வைக்காமல் விற்பனை எண்ணிக்கையின்மீது வைக்க வேண்டும், ஏனெனில் லாபத்தைக் காகிதத்தில் சுருக்குவது கணக்கெழுதுவோருக்கு எளிய காரியம். விற்றாலும் விற்காவிடினும் தரவேண்டிய குறைந்தபட்சத் தொகையை முன்கூட்டியே பெற வேண்டும்.

அந்தத் தொகையை வாங்குபவருக்கு மறைக்கவும் கூடாது. அமெரிக்க மூட்டுவாத ஸ்தாபனத்தின் பெயரில் மெக்நீல் கம்பெனி 1994-இல் வலி நிவாரண மாத்திரைகளை விற்றபோது, விற்பனை எவ்வளவாயினும் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் உறுதியென்று ஏற்பாடு. விளம்பரமோ, வாங்கும் ஒவ்வொரு புட்டியும் ஆராய்ச்சிக்கு உதவுவதுபோலப் பேசிற்று. பழைய மருந்தையே புதிதுபோல் காட்டியதாகவும் குற்றம் சாட்டிய 19 மாகாணங்களுக்கு, 1996-இல் கம்பெனி ஏறத்தாழ இருபது லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. பிரிட்டனில் 1992 ஆம் ஆண்டுச் சட்டம், தர்ம ஸ்தாபனத்தின் பெயரால் விற்பவர் எழுத்து மூலமான ஒப்பந்தம் வைத்திருக்கவும், ஸ்தாபனத்துக்குச் சேரும் தொகையை வாங்குவோருக்கு அறிவிக்கவும் கட்டாயப்படுத்துகிறது. "வருமானத்தில் ஒரு பகுதி தர்மத்துக்கு" என்ற வாசகத்தைத் தள்ளிவிட்டு, "ஒரு பிரதிக்கு ஐம்பது பைசா, இன்ன இல்லத்துக்கு" என்றே அச்சிடச் செய்க. தவறான விளம்பரத்தை நம் நாட்டில் 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் கண்டிக்கிறது.

ஒப்பந்தத்தை வக்கீல் எழுதட்டும். இவை அதில் இருக்கின்றனவா என்று தர்மகர்த்தாக்கள் பார்த்துக்கொள்ளட்டும்: எந்தப் பொருள், எந்தப் பிரதேசம், எவ்வளவு காலம். ஒவ்வொரு விளம்பரப் படியையும் அச்சுக்குமுன் எழுத்து மூலம் ஒப்புக்கொள்ளும் அதிகாரம். நம் ஆடிட்டர் அவர்கள் கணக்கைப் பார்க்கும் உரிமை. கம்பெனியின் நடத்தையால் நமக்கு அபகீர்த்தி நேர்ந்தால் நஷ்ட ஈடின்றி விலகும் சுதந்திரம். வேறு எவருக்கும் பெயரை அளிப்பதில்லை என்ற நிபந்தனையைக் கேட்பார்கள். கொடுப்பதானால் அந்த ஒரு பொருளளவில், அதற்குத் தனி விலையோடு கொடுக்கலாம்.

கையெழுத்தானபின் பலர் உறங்கிவிடுகிறார்கள். ஓர் அலுவலரைப் பொறுப்பாக்கி, மூன்று மாதத்துக்கொருமுறை விற்பனைக் கணக்கைப் பெற்று, கடைவீதியில் நம் காசில் பொருளை வாங்கிப் பார்த்து, ஒப்புக்கொண்ட படியும் அச்சான படியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒத்துப்பார்க்க வேண்டும். ஒப்பந்தம் முடிகிற நாளில் கிடங்கில் லட்சக்கணக்கான உறைகள் மிஞ்சியிருக்கும். அவற்றை விற்றுத் தீர்க்க மூன்று மாதமோ நான்கு மாதமோ கெடு வைத்து, அதுவரை விற்பவற்றுக்கும் பழைய வீதமே செல்லுமென்றும், கெடு கடந்தபின் எஞ்சியவற்றை நம் அலுவலர் முன்னிலையில் அழிக்க வேண்டுமென்றும் முதல்நாளே எழுதிக்கொள்ள வேண்டும்.