ஏழில் ஒன்று போக ஆறா?

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைப் பற்றி அடிக்கடி காதில் விழும் கதை இது: இங்கே ஏழு கோயில்கள் இருந்தன, ஆறைக் கடல் விழுங்கிவிட்டது, மிஞ்சியது இது ஒன்றுதான். இதற்குச் சான்றாகக் காட்டுவது மாலுமிகள் இந்த ஊருக்கு வைத்த 'செவன் பகோடாஸ்' என்ற பெயரை. செவன் என்றால் ஏழு, பகோடா என்றால் கோயில், நிற்பது ஒன்று. கழித்தல் சரி, கழித்த எண்கள்தான் சரியில்லை.

பகோடா (டீக்கடைப் பக்கோடாவுக்கும் இதற்கும் உறவில்லை) போர்ச்சுகீசியரிடமிருந்து வந்த சொல். கோயிலும் பகோடாதான், உள்ளே இருக்கும் சாமி சிலையும் பகோடாதான். ஆங்கிலேயர் வாயில் பொற்காசும் பகோடா ஆயிற்று. 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இந்த மூன்று பொருளையும் தனித்தனியே தருகிறது. மதராஸில் கம்பெனி அடித்த நட்சத்திரப் பகோடாவில் ஒரு பக்கம் பெருமாள், மறுபக்கம் நட்சத்திரம். பணம் என்ற சிறு காசு நாற்பத்திரண்டு சேர்ந்தால் ஒரு பகோடா; நம்மவர்களுக்கு அது வராகன். 1818இல் ரூபாய் அந்த இடத்துக்கு வந்தபோது, மூன்றரை ரூபாய் ஒரு பகோடாவுக்குச் சமம். இன்றைய ஆங்கிலத்திலோ பகோடா என்றதும் சீனத்து, பர்மியத்து அடுக்குக் கோபுரம்தான் நினைவுக்கு வரும். இப்படிக் கைக்குக் கை பொருள் மாறிய சொல்லை வைத்துக் கோயில்களுக்குக் கணக்கெடுப்பது எப்படி?

ஊர்ப் பெயரில் காசுக்கு என்ன வேலை, அங்கே கோயில் என்ற பொருள்தானே பொருந்தும் என்று கேட்கலாம். பொருந்தும். ஆனால் அந்தப் பெயர் கப்பல்காரர்களின் அடையாளக் குறி. 1582இல் இந்தக் கரையைக் கடந்த வெனிஸ் வணிகர் காஸ்பரோ பால்பி, ஏழு பகோடாவோடு எட்டு அழகிய குன்றுகளையும் குறிப்பிடுகிறார். எட்டாவது குன்று எங்கே என்று இதுவரை யாரும் கடலில் தேடவில்லை! தவிர, கரையில் நிற்பது ஒன்று என்பதே தவறு. ஐந்து ரதங்கள், கணேச ரதம், பாறை உச்சியில் ஒலக்கண்ணேசுவரர், கடற்கரைக் கோயில், இவையே எட்டு.

மூழ்கிய கோபுரங்களைப் பார்த்தவர்கள் உண்டே என்பது அடுத்த கேள்வி. 1788இல் வெளியான கட்டுரையில் வில்லியம் சேம்பர்ஸ் இதை எழுதியிருக்கிறார்: கடலுக்குள் செம்பு வேய்ந்த உச்சிகள் சூரிய உதயத்தில் மின்னியது ஊர்ப் பெரியவர்களுக்கு நினைவிருந்ததாம். அவர் தாமே கண்டதல்ல, கேட்டது. அதிலும் 'பல' உச்சிகள் என்றுதான் இருக்கிறது, ஆறு இல்லை. கடல் கரையை அரித்திருக்கிறது, அதில் சந்தேகமில்லை. 2002இல் தேசியக் கடலியல் நிறுவனமும் ஒரு பிரிட்டன் குழுவும் நீருக்கடியில் சுவர்ப் பகுதிகளையும் செதுக்கிய கற்களையும் கண்டார்கள். அவற்றிலிருந்து ஆறு முழுக் கோயில்களுக்குப் போவது பெரிய தாவல். 2004 சுனாமிக்குப் பிறகு பக்கத்து ஊரான சாளுவன்குப்பத்தில் தொல்லியல் துறை தோண்டியெடுத்த செங்கல் முருகன் கோயில்கூட மணலுக்குள் இருந்ததே தவிர, கடலுக்குள் அல்ல. அதையும் சேர்த்தால் எண்ணிக்கை ஏழை விட்டு இன்னும் தள்ளிப் போகும்.