வேலையில் காயமடைந்தால் செய்ய வேண்டுவன

இராஜபாளையம் முதல் செட்டியார்பட்டி, தளவாய்புரம் வரையுள்ள ஊர்களில் நூற்பாலை, விசைத்தறி, தையல் முதலிய தொழில்களால் ஜீவனம் செய்யும் குடும்பங்கள் பல. பிழைப்பைத் தரும் இயந்திரமே சில வேளைகளில் அங்கத்தையும் பறித்துவிடுகிறது. தறியினின்று நாடா தெறித்துக் கண்ணில் படுதல், பல்சக்கரத்தில் விரல் அகப்படுதல், சுழலும் வாரில் வேஷ்டியோ கூந்தலோ சிக்குதல் ஆகியவை இத்தொழில்களுக்குரிய அபாயங்களாம். அச்சமயம் முதல் நாளில் செய்வதே குடும்பத்தின் பிற்கால ஜீவனத்தை நிச்சயிக்கிறது.

1. முதற் சிகிச்சை

உடனே இயந்திரத்தை நிறுத்துக. ரத்தம் பெருகுமிடத்தில் சுத்தமான துணியை வைத்து, பத்து நிமிஷம் கையெடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். மருத்துவக் கட்டுத்துணிக்குப் பேர்போன சத்திரப்பட்டி அருகிலிருக்க, காயத்தில் காப்பித்தூளும் சுண்ணாம்பும் அப்புவது தகாது. குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்கலாகாது. அடிபட்ட கண்ணைக் கசக்கலாகாது. துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, நீர் புகாத பையிலிட்டு, அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து ஆஸ்பத்திரிக்கு உடன் கொண்டுசெல்லுக. பனிக்கட்டி விரலில் நேரே படலாகாது. 108 என்ற எண்ணுக்குத் தெரிவித்தால் வாகனம் வரும்.

2. உண்மையைப் பதிவு செய்தல்

வைத்தியர் காரணத்தைக் கேட்கையில், முதலாளிக்குச் சங்கடம் நேருமென்றும் வேலை போய்விடுமென்றும் அஞ்சி, “வீட்டில் விழுந்தேன்” என்பாருளர். அச்சொல் ஆஸ்பத்திரிப் புஸ்தகத்தில் ஏறிவிட்டால், பின்னர் மெய்யை நிரூபிப்பது மிகவும் கடினம். ஆதலால் எந்த இடத்தில், எந்த இயந்திரத்தில், எத்தனை மணிக்குக் காயம் நேர்ந்ததென்பதை உள்ளபடி சொல்லுக. வேலை ஸ்தலத்து விபத்துப் பதிவேட்டிலும் அன்றே எழுதச் செய்க. தாம் செல்ல இயலாவிடின் வேறொருவர் மூலம் தெரிவிக்கலாம். கண்டவர்களின் பெயரையும் வைத்தியச் சீட்டுக்களையும் பத்திரப்படுத்துக.

3. சட்டம் அளிக்கும் உதவி

நஷ்டஈட்டுச் சட்டம் 1923-ஆம் வருஷம் இயற்றப்பட்டு, 1924 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. ஈ.எஸ்.ஐ. எனப்படும் இன்ஷூரன்ஸ் சட்டம் 1948-இல் ஏற்பட்டது. இவ்விரண்டின் ஏற்பாடுகளும் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அடங்கியுள்ளன.

ஈ.எஸ்.ஐ.யில் சேர்ந்தவருக்குச் சிகிச்சை இலவசம். காயத்தால், விபத்து நாள் நீங்கலாக 3 நாட்களேனும் வேலை செய்ய இயலாதவருக்குச் சராசரி நாட்கூலியில் நூற்றுக்கு 90 பங்கு கிடைக்கும். அதாவது 500 ரூபாய்க்கு 450 ரூபாய். வேலையிற் சேர்ந்து சில நாட்களே ஆயினும் இவ்வுரிமை உண்டு.

ஈ.எஸ்.ஐ. இல்லாத சிறு தறிக்கூடங்களில் முதலாளியே நஷ்டஈடு அளிக்கக் கடமைப்பட்டவர். முதலாளி தவறு செய்தாரென்று நிரூபிக்க வேண்டுவதில்லை. தொழிலாளியின் சாதாரண அஜாக்கிரதையும் இதைத் தடுக்காது. ஆனால் மதுமயக்கத்தில் இருந்தாலோ, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றினாலோ, காயத்துக்குரிய தொகையை இழக்க நேரிடலாம். மனுவை 2 வருஷத்துக்குள் தொழிலாளர் துறை அதிகாரியிடம் கொடுக்க வேண்டும்.

4. எச்சரிக்கை

சொற்பப் பணத்தைக் கொடுத்து வெற்றுத்தாளில் கைந்நாட்டுக் கேட்டால் இணங்கலாகாது. நஷ்டஈட்டு உரிமையை விட்டுவிடுவதாகச் செய்யும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது.

காயம் ஆற நாளாகலாம். அதைப் பதிவு செய்வதற்கு ஒரு நாளும் தாமதிக்கலாகாது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இதை அண்டை வீட்டாருக்கும் படித்துக் காட்டுவார்களாக.