‘வீட்டுல ஓடுச்சு மிஸ்!’

வினாத்தாளை வீட்டில் தட்டச்சு செய்து, பென் டிரைவில் எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போயிருப்பீர்கள். அங்கே திறந்து பார்த்தால் தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கலந்து நிற்கும். கடைக்காரர், “பாமினி ஃபாண்ட் இல்லை மேடம்” என்பார். தாளில் ஒரு பிழையும் இருக்காது. அந்த எழுத்துரு இருக்கும் கணினியில்தான் அது தமிழாகத் தெரியும் என்ற நிபந்தனையை மட்டும் நாம் தாளோடு சேர்த்துக் கொடுத்திருக்க மாட்டோம்.

நான் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணினி அறிவியல் நடத்துகிறேன். ஜெராக்ஸ் கடையில் எனக்கு இது நடந்தபோது உடனே புரிந்தது. என் மாணவி ஒருத்திக்கு இதே நடந்தபோது எனக்குப் புரியவில்லை. அவள் ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையால் எழுதிவிட்டேன்.

அவள் செய்து வந்தது சி++ மொழியில் ஒரு மதிப்பெண் பதிவேடு. பள்ளியின் யுடைஸ் எண், மாணவர் பெயர், ஐந்து பாட மதிப்பெண்கள் ஆகியவற்றை வாங்கிக்கொண்டு, கூட்டி, தர வரிசைப்படுத்தித் தர வேண்டும். அவள் அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த விலையில்லா மடிக்கணினியில்தான் எழுதியிருந்தாள். அதில் விண்டோஸ் எப்போதோ கெட்டுப்போய், லினக்ஸ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஆய்வகத்தில் நாங்கள் பயன்படுத்துவது விண்டோஸ்.

ஆய்வகத்தில் ஓட்டியதும் திரையில் வந்த முதல் வரியே பிழைச்செய்தி. ‘கிளியர்’ என்ற கட்டளை தெரியாது என்றது. அடுத்து யுடைஸ் எண்ணைக் கேட்டது. கொடுத்தோம். பிறகு பெயரையும் கேட்கவில்லை, மதிப்பெண்ணையும் கேட்கவில்லை. விறுவிறுவென்று கடைசிவரை ஓடி, பெயர் வெற்றிடமாக, ஐந்து பாடங்களிலும் 0 என்று காட்டி நின்றுவிட்டது. யுடைஸ் எண் இருக்க வேண்டிய இடத்தில் 2147483647.

“என்னம்மா, ஓட்டிப் பார்க்காமலே எடுத்துட்டு வந்துட்டியா?”

“வீட்டுல ஓடுச்சு மிஸ்.”

வீட்டுப்பாடம் கொண்டுவராதவர்களும் இதைத்தான் சொல்வார்கள். ‘உள்ளீடு தவறு, சரிசெய்து வரவும்’ என்று எழுதிக் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் அவள் மடிக்கணினியையே பையில் போட்டுத் தூக்கி வந்துவிட்டாள். மேசையில் வைத்து ஓட்டிக் காட்டினாள். எண், பெயர், மதிப்பெண், தரவரிசை எல்லாம் சரியாக வந்தன. நிரலில் ஓர் எழுத்துகூட மாற்றியிருக்கவில்லை.

அன்று மாலை ஆய்வகத்தில் உட்கார்ந்து யுடைஸ் எண்ணுக்குப் பதிலாக என் கைப்பேசி எண்ணைக் கொடுத்துப் பார்த்தேன். 2147483647. மாவட்ட அலுவலக எண்ணைக் கொடுத்தேன். மறுபடியும் அதே 2147483647. எதைக் கொடுத்தாலும் ஒரே எண் வந்தால், அது நாம் கொடுத்த எண்ணாக இருக்க முடியாது. 2-இன் 31-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைப்பது அது. 4 பைட்டில் குறியோடு எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண்.

அவள் யுடைஸ் எண்ணை ‘லாங்’ என்ற தரவினத்தில் வைத்திருந்தாள். லாங் என்பது இத்தனை பைட் என்று சி++ மொழி அறுதியிட்டுச் சொல்வதில்லை. குறைந்தது 4 பைட் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. 64-பிட் கணினிகள் வந்தபோது லினக்ஸ் உள்ளிட்ட யுனிக்ஸ் வழி அமைப்புகள் லாங்கை 8 பைட்டாக வளர்த்துவிட்டன. விண்டோஸ், பழைய நிரல்கள் கெடக் கூடாது என்று 4 பைட்டிலேயே வைத்துக்கொண்டது. நம் யுடைஸ் எண் 33-இல் தொடங்கும் 11 இலக்க எண். 8 பைட்டில் தாராளமாக உட்காரும், 4 பைட்டில் உட்காராது. உட்காராத எண்ணைப் படிக்கும்போது சி++ உள்ளீடு இரண்டு வேலைகளைச் செய்கிறது. மாறியில் கொள்ளக்கூடிய உச்ச எண்ணை வைக்கிறது, ‘உள்ளீடு தோற்றது’ என்று ஒரு கொடியையும் ஏற்றிவிடுகிறது. கொடியை நாம் இறக்காதவரை அடுத்து எதையும் அது படிக்காது. அதனால்தான் பெயர் வெற்றிடம், மதிப்பெண் 0.

அந்தக் குழந்தையின் நிரலில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. செய்முறைத் தேர்வில் புறத்தேர்வாளர் முன் இதே நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவர் என்னைவிட அவசரத்தில் இருந்திருப்பார்.

என் பக்கத்துத் தவறும் ஒன்று இருந்தது. இதே பழக்கத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். திரை சட்டென மூடிவிடுகிறதே என்று ‘கோனியோ’ தலைப்புக் கோப்பைச் சேர்த்து, கடைசி வரியில் ‘கெட்ச்’ போடச் சொல்லுவேன். அது டாஸ், விண்டோஸ் உலகத்துப் பொருள், லினக்ஸில் கிடையாது. ‘மார்க்ஸ்’ என்ற கோப்பைப் பெரிய எழுத்தில் சேமித்துவிட்டு நிரலுக்குள் சிறிய எழுத்தில் அழைத்தாலும் விண்டோஸ் கண்டுகொள்ளாது. லினக்ஸுக்கு அவை வேறு வேறு கோப்புகள். கோப்புறைகளைப் பிரிக்கப் பின்சாய்வுக்கோடு போடுவதும் விண்டோஸ் வழக்கம்தான். இவற்றையெல்லாம் நான் சி++ விதிகளாகவே சொல்லிவந்திருக்கிறேன்.

12ஆம் வகுப்பில் பைத்தான் வழியாகச் சி++ நிரலைத் தொகுத்து ஓட்டும் பாடம் இருக்கிறது அல்லவா? அதை ஒட்டி ஒரு சோதனை செய்து பாருங்கள். விண்டோஸுக்காக எழுதிய அந்தப் பைத்தான் நிரலை லினக்ஸில், கோப்பின் பெயரை மட்டும் கொடுத்து இயக்கினால், சி++ நிரல் ஒழுங்காகத் தொகுக்கப்படும், ஆனால் ஓடாது. விண்டோஸ் ஒரு கட்டளையை முதலில் நாம் நிற்கும் கோப்புறையில் தேடும். லினக்ஸ் அங்கே தேடுவதில்லை. ‘இங்கேயே இருக்கிறது’ என்று புள்ளியும் சாய்வுக்கோடும் சேர்த்துச் சொன்னால்தான் எடுத்து ஓட்டும். மாணவர்கள் இதைத் தாங்களாகக் கண்டுபிடித்தால் அந்தப் பாடத்தை மறக்க மாட்டார்கள்.

இதற்கெல்லாம் வழி என்ன என்று தேடும்போது, இந்தத் தலைவலி கணினித் துறைக்கே பழையது என்று தெரிந்தது. பல கோப்புகளைச் சேர்த்து ஒரு நிரலாகக் கட்டும் வேலையைத் தானியங்கச் செய்ய 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ‘மேக்’ என்ற கருவியை எழுதினார். ஒரே கணினியில் அது அருமையாக வேலை செய்யும். கணினிக்குக் கணினி யுனிக்ஸ் வேறுபட்டபோது சிக்கல் வந்தது. 1991-இல் டேவிட் மெக்கன்சி ‘ஆட்டோகான்ஃப்’ என்ற கருவியைத் தொடங்கினார். அது உருவாக்கித் தரும் ‘கான்ஃபிகர்’ என்ற சிறு நிரல், கட்டத் தொடங்கும் முன் அந்தக் கணினியிடம் வரிசையாகக் கேள்வி கேட்கும். இந்தத் தலைப்புக் கோப்பு உன்னிடம் உண்டா? இந்தச் செயற்கூறு உண்டா? விடையைத் தெரிந்துகொள்ளக் குட்டிக் குட்டி நிரல்களைத் தானே எழுதி, தொகுத்துப் பார்க்கும். அதில் வழக்கமாகக் கேட்கக்கூடிய கேள்விகளில் ஒன்று: உன்னிடம் லாங் எத்தனை பைட்?

நான் கேட்காமல் விட்ட கேள்வியை 1990களிலேயே கருவியாகச் செய்து வைத்திருக்கிறார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. ‘நீ லினக்ஸா, விண்டோஸா?’ என்று பெயரைக் கேட்டு முடிவெடுப்பதை இந்த முறை கூடியவரை தவிர்க்கிறது. பெயரைக் கேட்டால் ஏமாறலாம். ஒரு பழைய 32-பிட் கணினியில் லினக்ஸ் இருந்தாலும் லாங் 4 பைட்தான். ஆகவே பெயரை விட்டு இயல்பைக் கேட்கிறது. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மாற்றுச் சான்றிதழோடு வரும் குழந்தையை எந்தப் பள்ளியிலிருந்து வந்தது என்று பார்த்தா நிலை பிரிக்கிறோம்? எண்ணும் எழுத்தும் வகுப்பில் அடிப்படை மதிப்பீட்டைக் கொடுத்து, எதைப் படிக்க முடிகிறது என்று பார்த்த பிறகுதானே அரும்பா மொட்டா மலரா என்று சொல்கிறோம்.

ஆட்டோகான்ஃப் யுனிக்ஸ் குடும்பத்துக்காகப் பிறந்தது, விண்டோஸில் நேரடியாகப் பயன்படுத்துவது சிரமம். பள்ளிக்கு ஏற்றது ‘சிமேக்’. மருத்துவப் படங்களை ஆராயும் மென்பொருள் ஒன்றை விண்டோஸிலும் யுனிக்ஸிலும் கட்ட வேண்டியிருந்ததால், 2000ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் கிட்வேர் நிறுவனத்தில் உருவானது. கட்டணம் இல்லை. அது தானே நிரலைக் கட்டுவதில்லை. அந்தந்தக் கணினியில் என்ன கருவி இருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ற கட்டுமானக் குறிப்பை எழுதிக் கொடுக்கிறது.

அந்த மாணவியும் நானும் உட்கார்ந்து எழுதிய உரைக்கோப்பில் நான்கே வரிகள். சிமேக்கின் எந்தப் பதிப்பு வேண்டும், செயல்திட்டத்தின் பெயர் என்ன, சி++ மொழியின் 17ஆம் ஆண்டுத் தரம் வேண்டும், எந்தக் கோப்பிலிருந்து எந்த நிரலைக் கட்ட வேண்டும். இரண்டு கணினியிலும் இதே கோப்பு, இதே இரண்டு கட்டளைகள். விண்டோஸில் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டியிருந்தது. நம் ஆய்வகங்களில் இருக்கும் மின்ஜிடபிள்யூ தொகுப்பானைச் சிமேக் அங்கே தானாகத் தேர்ந்தெடுக்காது, மைக்ரோசாஃப்ட் கருவிகளைத்தான் முதலில் தேடும். முதல் கட்டளையிலேயே மின்ஜிடபிள்யூவுக்கான குறிப்பு வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். இது தெரியாமல் எங்களுக்கு ஒரு பாடவேளை போனது.

இன்னொரு பாடவேளையும் போனது. அதற்குக் காரணம் பென் டிரைவ். சிமேக் தன் விடைகளையெல்லாம் ‘பில்ட்’ கோப்புறையில் முழு முகவரியோடு எழுதி வைத்துக்கொள்கிறது. அவள் வீட்டுக் கணினியிலிருந்து அந்தக் கோப்புறையையும் சேர்த்து நகலெடுத்து வந்திருந்தாள். ஆய்வகக் கணினியில் சிமேக், இது வேறு இடத்தில் உருவானது என்று சொல்லி வேலை செய்ய மறுத்துவிட்டது. மூலக் கோப்புகளை மட்டும் எடுத்து வர வேண்டும், ‘பில்ட்’ கோப்புறையைப் போகிற இடத்தில் புதிதாக உண்டாக்க வேண்டும். அடுத்தவர் விடைத்தாளைக் கொண்டுவந்து தேர்வு எழுத முடியாது என்று வகுப்பில் சொன்னபோது நன்றாகவே சிரித்தார்கள்.

கட்டும் முறையைச் சரிசெய்துவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். சிமேக் வந்த பிறகும் லாங் விண்டோஸில் 4 பைட்தான். நிரலையும் திருத்த வேண்டும். யுடைஸ் எண்ணை யாரும் கூட்டப் போவதில்லை, பெருக்கப் போவதில்லை. அது எண் வடிவில் இருக்கும் ஒரு பெயர். சரமாக வைத்துவிட்டோம். திரையைத் துடைக்கும் ‘கிளியர்’ வரியை நீக்கினோம். விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று என்று பிரித்து எழுதவும் முடியும், ஆனால் ஓர் அலங்காரத்துக்காக அவ்வளவு வேலை தேவையில்லை என்பது என் கருத்து. 8 பைட் கட்டாயம் வேண்டும் என்ற நிரல்களில், ‘ஸ்டேட்டிக் அசர்ட்’ என்ற கூற்றைப் போட்டு லாங்கின் அளவைச் சோதிக்கக் கற்றுக்கொடுத்தேன். அளவு போதாவிட்டால் நிரல் தொகுக்கப்படும்போதே காரணத்தைச் சொல்லி நின்றுவிடும். தவறான விடையோடு ஓடி முடிவதைவிட இது மேல்.

இப்போது ரெக்கார்டில் கையெழுத்திடும் முன் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பெரிய செயல்திட்டங்கள் இரண்டு வகைக் கணினியிலும் ஒருமுறை ஓட வேண்டும். லினக்ஸ் இல்லாத ஆய்வகத்தில், பென் டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கிப் பார்க்கலாம், வன்தட்டில் எதுவும் நிறுவ வேண்டியதில்லை. 11ஆம் வகுப்பில் ‘சைஸ்ஆஃப்’ செயற்குறி வரும் நாளில், லாங்கின் அளவை அச்சிடும் மூன்று வரி நிரலை இரண்டு கணினியில் அருகருகே ஓட்டிக் காட்டுகிறேன். ஒன்றில் 4, மற்றதில் 8. எது சரி என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடுகிறது. பத்து நிமிடம் சண்டை போட விடுகிறேன்.

அந்த ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையை அடித்துவிட்டு, பக்கத்தில் முழு மதிப்பெண் போட்டுத் தேதியோடு கையெழுத்திட்டேன். அவள் பார்த்துவிட்டு, “மிஸ், இன்னும் ஒண்ணு இருக்கு” என்றாள். மாணவர் பெயரைத் தமிழில் கொடுத்தால் அவள் மடிக்கணினியில் தமிழாக வருகிறது, ஆய்வகத்தின் கருப்புத் திரையில் குப்பையாக வருகிறது. அந்தத் திரையின் குறிமுறையை 65001-க்கு, அதாவது யுடிஎஃப்-8க்கு மாற்றிப் பார்த்தோம். குப்பை போனது, கட்டங்கள் வந்தன. எழுத்துருவை மாற்றினோம். எழுத்துகள் வந்தன, ஆனால் கொம்பும் காலும் தனித்தனியாக நின்றன. இப்போதைக்கு வெளியீட்டைத் திரையில் காட்டாமல் ஒரு கோப்பில் எழுதி, நோட்பேடில் திறந்து படிக்கிறோம். அதில் பெயர்கள் ஒழுங்காகத் தெரிகின்றன.