அவையில் வாதமும் போலி வாதமும்

முன்னுரை

மாந்தர் கூடி வாழும் இடமெல்லாம் கருத்து வேறுபாடும் உண்டு. அதனைத் தீர்க்கும் வழிகள் இரண்டு. ஒன்று வலிமை, மற்றொன்று வாதம். வலிமை வென்ற இடத்தில் தோற்றவன் அடங்குகின்றானேயன்றித் தெளிவதில்லை. வாதம் செம்மையாக நடந்த இடத்திலோ தோற்றவனும் ஒன்றைக் கற்றே எழுகின்றான். ஜமாஅத் கூட்டமாயினும், ஊர்ப் பஞ்சாயத்தாயினும், கல்லூரிப் பட்டிமன்றமாயினும் இவ்வுண்மை ஒன்றே. வாதம் புரியும் முறையும் போலி வாதத்தை அறியும் முறையும் தமிழ் மரபிலும் இசுலாமிய மரபிலும் எவ்வாறு பேசப்பட்டுள்ளன என்பதையும், அவை வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் பொதுவாழ்வுக்கு எவ்வாறு பயன்படும் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மண்ணின் மரபு

தருக்கம் நம் பகுதிக்குப் புதிய கல்வி அன்று. 9-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் தன் 8-ஆம் ஆட்சியாண்டில் பாகூரில் இருந்த வித்தியாத்தானம் என்னும் உயர்கல்விக் கூடத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாக அளித்த செய்தியைப் பாகூர்ச் செப்பேடு தெரிவிக்கின்றது. பண்டைக் கல்வி மரபில் வித்தைகள் பதினான்கு என எண்ணப்பட்டன. அவற்றுள் நியாயம் எனப்படும் தருக்கமும் ஒன்றாகும். திருக்குறளும் 'அவை அஞ்சாமை' என்னும் அதிகாரத்தில், அவையில் அஞ்சாது விடை கூறுதற்கு அளவை நூலைக் கற்க வேண்டும் என வலியுறுத்துகின்றது. பேச்சுத் துணிவு பிறப்பது உரத்த குரலிலிருந்து அன்று, அளவை அறிவிலிருந்தே என்பது இதனால் பெறப்படும்.

வாதத்தின் உறுப்புகள்

தமிழில் தருக்கத்தை விரித்துரைக்கும் பழங்காப்பியம் மணிமேகலை. வஞ்சி மாநகரில் பல சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்டறிந்த மணிமேகலைக்குக் காஞ்சியில் அறவண அடிகள் அளவை முறையைக் கற்பிக்கின்றார். வாதத்தின் உறுப்புகள் ஐந்து: பக்கம், ஏது, எடுத்துக்காட்டு, உபநயம், நிகமனம். இவற்றுள் பின்னைய இரண்டும் எடுத்துக்காட்டிலேயே அடங்கும் என்பது அடிகள் கருத்து. எனவே முதல் மூன்றையே ஈண்டுக் கொள்வோம். 'இம்மலையில் நெருப்பு உண்டு' என்பது பக்கம். அதாவது நிறுவ வேண்டிய கருத்து. 'புகை தோன்றுதலால்' என்பது ஏது; அதாவது காரணம். 'அடுக்களை போல' என்பது எடுத்துக்காட்டு. கருத்து, காரணம், சான்று ஆகிய இம்மூன்றும் இல்லாத பேச்சு எத்துணை இனிமையாயினும் வாதம் ஆகாது.

போலிகள்

இம்மூன்று உறுப்புக்கும் போலிகள் உண்டு. பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, எடுத்துக்காட்டுப் போலி 10 என முப்பத்து மூன்றாக அவை விரியும். 'போலி' என்னும் சொல்லே ஆழ்ந்த பொருளுடையது. போலி வாதம் மெய் வாதம் போலவே தோன்றும்; அதனாலேயே அது தீங்கு பயக்கின்றது.

ஏதுப் போலியின் மூன்று பெரும்பிரிவுகளையும் விளக்கக் கற்பனையாக ஒரு வழக்கைக் கொள்வோம். 'பாகூர் ஏரியைத் தூர்வார வேண்டியதில்லை' என ஒருவர் ஊர்க்கூட்டத்தில் வாதிடுகின்றார் என்க.

'முன்னரே மண் முழுவதும் எடுக்கப்பட்டுவிட்டது' என்பது அவர் கூறும் முதற் காரணம். மண் எடுக்கப்பட்டதா என்பதே எதிர்த்தரப்பார் ஏற்காத செய்தியாயின், நிறுவப்படாத ஒன்றைக் கொண்டு மற்றொன்றை நிறுவ இயலாது. இது அசித்தம்.

'இவ்வாண்டு ஏரி நிரம்பியது; ஆகவே வரத்தும் ஏரியும் செவ்வையாக உள்ளன' என்பது இரண்டாவது. தென்பெண்ணை நீரைக் கொணரும் பங்காரு வாய்க்கால் நன்னிலையில் இருந்தாலும் ஏரி நிரம்பும். அது தூர்ந்து கிடக்கையில் புயல் மழை பெய்தாலும் நிரம்பும். இரு நிலைக்கும் பொதுவான காரணம் ஒன்றையும் துணியாது. இது அநைகாந்திகம்.

'சில நாள் மழையிலேயே நீர் கலங்கலைத் தொட்டுவிடுகின்றது. ஆகவே ஏரிக்குக் குறையில்லை' என்பது மூன்றாவது. மண் மேடிட்டுக் கொள்ளளவு குறைந்த ஏரிதானே விரைந்து நிரம்பும்? கூறிய காரணம் கூறியவர் கருத்துக்கு மறுதலையை நோக்கியே செல்கின்றது. இது விருத்தம்.

எதிர்த்தரப்பிலும் போலி நேரும். 'வீட்டுக் கிணற்றைத் தூர்வாரினால் நீர் பெருகுகிறது. ஏரியிலும் அவ்வாறே பெருகும்' என்பது எடுத்துக்காட்டுப் போலி. கிணற்றுக்கு ஊற்று உண்டு. ஏரிக்கு வரத்து வேண்டும். நாம் விரும்பும் முடிவுக்கு ஆதரவான போலியையும் போலி என்று கூறும் நேர்மையே தருக்கக் கல்வியின் முதற்பயன்.

அவையில் நிகழும் பிற குற்றங்கள்

கூட்டங்களில் மிகுதியாகக் காணப்படும் குற்றங்கள் வேறு சிலவும் உள. 'காணி நிலம் இல்லாத உனக்கு ஏரியைப் பற்றி என்ன பேச்சு?' என்பது கருத்தை விடுத்து ஆளைச் சாடுதல். நிலமற்றவன் கூறினும் மண் மேடு மண் மேடே. 'தூர்வாருவதா, சாலை போடுவதா, ஒன்றைச் சொல்' என்பது பல வழிகள் இருக்க இரண்டே வழி எனக் காட்டுதல். 'அந்த அதிகாரி வந்தார், மழை பொய்த்தது' என்பது முன் நிகழ்ந்ததையே காரணமாக்குதல்.

இவற்றுள் மிகக் கொடியது எதிராளியின் கூற்றைத் திரித்துப் பின் அதனை மறுத்தலாகும். 'செலவுக் கணக்கைக் காட்டுங்கள்' என்றவரை 'இவர் ஏரியே வேண்டாம் என்கிறார்' எனச் சாடுவது இவ்வகை. இதற்கு மருந்து நம் நூல்களில் உண்டு. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் கூறும் எழுவகை மதங்களுள், பிறர் கொள்கையை முதலில் ஏற்று உரைத்துப் பின்னர்க் களைதலும் ஒன்று. இமாம் கஸ்ஸாலி (மறைவு 1111) இந்நெறிக்குச் சிறந்த சான்றாவார். தத்துவவாதிகளை மறுத்துத் 'தஹாஃபுத்' என்னும் நூலை இயற்றிய அப்பெருந்தகை, அவர்தம் கொள்கைகளைத் திரிபின்றி எடுத்துரைக்கும் 'மகாஸித்' என்னும் நூலையும் இயற்றினார். அவருக்கு மறுப்பாக இப்னு ருஷ்து (1126–1198) எழுதிய நூலும் கஸ்ஸாலியின் கூற்றுகளை எடுத்துரைத்தே விடை கூறுகின்றது.

இசுலாமியத் தமிழும் இந்நெறியைப் போற்றியது. 1572-இல் அரங்கேறிய வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா' முழுவதும் வினா விடையாக அமைந்தது. மசலா என்பதற்கு வினா என்பதே பொருள். அழகிய முறையில் வாதம் புரியுமாறு திருக்குர்ஆன் (16:125) பணிப்பதும் ஈண்டு நினையத்தகும்.

நாவன்மையின் இடம்

அவையை இணங்கச் செய்வன மூன்று என்றார் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில்: சொல்வோன் நம்பகம், கேட்போர் உணர்ச்சி, பொருளின் காரணம். நாவன்மைக் கலையை அரபியர் 'கதாபத்' என்றனர். குத்பா, கத்தீப் ஆகிய சொற்களும் அதே வேரினின்று பிறந்தவை. உணர்ச்சியைத் தூண்டுதல் தன்னளவில் குற்றமன்று. காரணம் இல்லாத இடத்தை உணர்ச்சியால் நிரப்புவதே குற்றம்.

எண்ணிக்கையும் உண்மையும்

'ஊரே சொல்கிறது' என்னும் வாதத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் 18-10-1954 அன்று, பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களும் கூடி வாக்களித்தனர். 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைவதை ஆதரித்தனர். 8 பேர் எதிர்த்தனர். 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. மக்கள் எதனை விரும்புகின்றனர் என்பது அன்றைய வினா. அவ்வினாவுக்கு எண்ணிக்கையே உரிய விடை. ஆனால் ஏரியில் மண் மேடிட்டுள்ளதா என்பது உண்மை பற்றிய வினா. அதற்கு ஆயிரம் கைகள் உயர்ந்தாலும் விடை கிடைக்காது; அளவுகோல் ஒன்றே விடை தரும். விருப்பத்தை வாக்கினாலும் உண்மையைச் சான்றினாலும் அறிக. இவ்விரண்டையும் மயக்குவதே பொது விவாதங்கள் பல வழிதவறக் காரணமாகும். கீழூரில் எதிர்த்த எண்மரின் வாக்கும் எண்ணிப் பதியப்பட்டது என்பதும் கருதத்தக்கது. சிறுபான்மைக் கருத்தைப் பதிவு செய்யும் அவையே பின்னாளில் தன்னைத் திருத்திக்கொள்ள வல்லது.

முடிவுரை

மாணவர்கள் அவையேறுமுன் மூன்று வினாக்களைத் தமக்குள் எழுப்புதல் நலம். என் கருத்து எது? அதற்குரிய காரணம் எதிர்த்தரப்பாரும் ஏற்கத்தக்கதா? எதிராளியின் கருத்தை அவரே 'ஆம், அதுவே என் கருத்து' என ஒப்பும்படி என்னால் எடுத்துரைக்க இயலுமா? மூன்றாவது வினாவுக்கு 'இயலும்' என விடை கூறுபவனே வாதம் புரியத் தகுதியுடையவன். ஊர்ப் பெரியோர் தம் கூட்டங்களில் இவ்வொரு நெறியை வழக்கமாக்குவாராயின், வழக்குகள் குறையாவிடினும் பகை குறையும். ஏரியும் சாலையும் பள்ளிக்கூடமும் பொதுவாக உள்ள ஊரில் அதுவே பெரும்பேறாகும்.